ஏழு வாரத்தில் ஐந்து இடம்: இலை உதிர்த்த ஒரு போன்சாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சம்பவம் நடந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. செடியின் சொந்தக்காரர் 63 வயதுப் பெண்மணி. தோட்டத்தில் 27 ஆண்டுகள் பால் வெட்டியவர். லயத்து வீட்டைக் காலி செய்த பிறகு ஊரை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) ஒரு மலிவு விலை வீட்டில் தனியாக இருக்கிறார். மகன் ஜொகூரில் வேலை.

நான் இடைநிலைப்பள்ளியில் விவசாய அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வீட்டுப் பின்கட்டில் 18 ஆண்டுகளாகப் போன்சாய் வளர்க்கிறேன். அதனால் வாடிய செடியோடு யாராவது வாசலில் வந்து நிற்பது வழக்கம். அவர்களில் ஒருவராகத்தான் இவரும் வந்தார். விவரத்தை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். என் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது.

செடி எப்படிப்பட்டது

சீனப் பெருநாளுக்கு முந்திய வாரம் மகன் ஈப்போவில் ஒரு நர்சரியில் 85 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கி வந்தார். ‘ஜின்செங்’ என்று கடையில் சொல்லி விற்பது. மருந்துக் கடை ஜின்செங்கிற்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. பருத்த வேர் அந்தக் கிழங்கைப் போலத் தெரிவதால் ஒட்டிக்கொண்ட பெயர். தாவரவியலில் இது ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா. ஆல், அரசு, அத்தி எல்லாம் அடங்கிய அதே பேரினம். மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள்.

நம் ஊருக்கு இது புதிய மரமும் அல்ல. பழைய கடைவீடுகளின் மாடிச் சுவரில், கால்வாய் விளிம்பில், பறவை எச்சத்திலிருந்து முளைத்து நிற்கும் கன்றுகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் இதுவாகவோ இதன் பங்காளியாகவோ இருக்கும். மண்ணே இல்லாத சிமெண்டு வெடிப்பில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வாழ்கிற மரம், கூடத்தில் டிவி பக்கத்தில் வைத்து நாள் தவறாமல் கவனித்தால் செத்துப் போகிறது. இந்த ஆய்வு முழுக்க அந்த முரணைப் பற்றியதுதான்.

ஜின்செங் வகையை உருவாக்கும் விதமும் பின்னால் முக்கியமாகிறது. விதையிலிருந்து வளர்த்து, மண்ணுக்குள் வேரைப் பருக்க விட்டு, பிறகு மேலே தூக்கி நடுவார்கள். நாம் அடிமரம் என்று பார்ப்பது உண்மையில் வேர். அதன் தலையில் சிறிய இலை விடும் வேறொரு ரகத்தை ஒட்டுக் கட்டுவார்கள். இந்தச் செடிக்கு மூன்று பருத்த ‘கால்கள்’, மேலே இரண்டு ஒட்டுக் கிளைகள். சட்டி மெருகிட்ட பீங்கான், 18 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம், அடியில் ஒரே துளை. மேல்மண் தெரியாதபடி வெள்ளைக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

முதல் ஏழு வாரம்

இந்தப் பகுதி அவர் சொன்னது. மகனுக்கு அனுப்பிய கைப்பேசிப் படங்களை வைத்துச் சரிபார்த்தேன்.

முதல் 12 நாள் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில். ‘வீட்டுக்குள் வைக்கும் செடி’ என்று கடையில் சொல்லியிருந்தார்கள். மகன் பார்த்த காணொளிகளும் அதையே சொல்லின. அந்தக் காணொளிகள் குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. பனிக் காலத்தில் செடி உறைந்துவிடும் என்பதற்காக உள்ளே எடுத்து வைப்பது அவர்கள் கட்டாயம். வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமும் இரவுக் குளிர் 22, 23 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத வானிலையும் உள்ள நமக்கு அந்த அறிவுரையில் பாதி வேண்டாதது.

பன்னிரண்டாம் நாள் பத்து இலைகள் மஞ்சளாகி விழுந்தன. வெளிச்சம் போதவில்லை என்று வாசல் போர்ட்டிகோவுக்கு மாற்றினார். நல்ல முடிவு. ஆனால் அதோடு காலை ஒரு தம்ளர், மாலை ஒரு தம்ளர் என்று தண்ணீரையும் கூட்டினார். “எலை கொட்டுது, தாகமா இருக்கும்னு நெனச்சேன் சார்.”

மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தார். “ஆலமரத்துக் குட்டிய வாசல்ல வெச்சிருக்கியே, முனி வந்து குந்திக்கும்” என்றார். செடி சமையலறைக்குப் பின்னால், துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போனது. அங்கே வெயில் அறவே இல்லை. மேலும் இலை உதிர்ந்தது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் குருணை உரம் கொடுத்தார். ஒரு தேக்கரண்டி போட்டார். பத்து நாள் கழித்து இன்னொன்று.

ஐந்தாம் வாரம் ‘வெயில் வேண்டும்’ என்று யாரோ சொல்ல, பின்மதில் மேல் உச்சி வெயிலில். நிழலுக்குப் பழகியிருந்த மிச்ச இலைகள் நாலு நாளில் காகிதம் போலக் கருகின. ஏழாம் வாரம் திரும்பப் போர்ட்டிகோ, இந்த முறை செருப்பு அலமாரிக்குப் பின்னால், பெரியம்மா கண்ணில் படாமல்.

நான் முதலில் பார்த்தது

மார்ச் மூன்றாம் வாரம். வாங்கிய அன்று எடுத்த படத்தில் எண்ணிப் பார்த்தால் 140 இலைகளாவது இருக்கும். நான் பார்த்தபோது 23. சட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. துளையில் வேரும் சேறும் அடைத்து, தூக்கிச் சாய்த்தால் ஒரு நொடி கழித்துப் பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. முகர்ந்தால் சாக்கடை வாடை. மூன்று கால்களில் ஒன்றின் நுனி விரலால் அமுக்கினால் உள்ளே போனது.

ஒட்டிய கூழாங்கற்களை ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தோம். அடியில் இருந்தது முழுக்கத் தேங்காய் நார்த்தூள், கைப்பிடியில் பிழியலாம் போல ஈரம். மேலே கல் இருந்ததால் அவர் பார்த்தது எப்போதும் காய்ந்த கல்லைத்தான். அதை வைத்துத்தான் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கவே முடியாதபடி செய்து விற்றவர்கள் பேரில்தான் எனக்கு வருத்தம்.

ஆழமில்லாத சட்டி சீக்கிரம் காயும், அதனால் அதிகம் ஊற்ற வேண்டும் என்பது பலருடைய எண்ணம். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்க வைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே நிமிர்த்துங்கள். இன்னொரு முறை தண்ணீர் ஒழுகும். மண்ணும் அப்படித்தான். எந்தச் சட்டியானாலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் தேங்கி நிற்கும். உயரமான சட்டியில் அது அடிப்பகுதியோடு நின்றுவிடும். 6 செ.மீ. சட்டியில் நார்த்தூள் போட்டால் அந்த ஈரமே பாதிச் சட்டி. வேர் மூச்சு விட இடமில்லை. வேர் அழுகினால் தண்ணீர் மேலே ஏறாது, இலை வாடும், வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம்.

எடுத்த முடிவுகள்

இரண்டு வழி இருந்தது. தண்ணீரை நிறுத்தி, இடத்தை மாற்றாமல், காத்திருப்பது ஒன்று. உடனே பிடுங்கி அழுகலை வெட்டிச் சட்டி மாற்றுவது இன்னொன்று. சாதாரணமாக இலை உதிர்க்கும் ஃபைக்கஸைத் தொடாமல் விடுவதே என் பழக்கம். வெளிச்சம் மாறினால் இலையைக் கொட்டிவிட்டுப் புது வெளிச்சத்துக்கு ஏற்ற இலை விடுவது இந்த மரத்தின் இயல்பு, அது நோயல்ல. ஆனால் கால் மெத்தென்று ஆன பிறகு காத்திருந்தால் அழுகல் மேலே ஏறும். அதனால் பிடுங்கினோம்.

வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசியபோது மெல்லிய வேரில் மூன்றில் இரண்டு பங்கு கையோடு வந்துவிட்டது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, மெத்தென்ற காலை வெள்ளையான கெட்டிப் பகுதி வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். கிட்டத்தட்ட 3 செ.மீ. போனது. வெட்டில் கரித்தூள் தடவி, ஒரு நாள் நிழலில் வைத்து ஆற விட்டோம்.

மண்ணுக்குக் கடையில் எதுவும் வாங்கவில்லை. உடைந்த செங்கல்லைத் தட்டிச் சலித்தது இரண்டு பங்கு, கரடான ஆற்று மணல் ஒன்று, அடுப்புக்கரித் துண்டு ஒன்று, தீய்த்த மண் ஒன்று. எல்லாம் அரிசி அளவிலிருந்து கடலை அளவுக்குள். தூளை அவசியம் சலித்துக் கொட்ட வேண்டும். சோம்பல்பட்டால் அதுவே மறுபடி சேறாகும். சட்டி, அடியில் நான்கு துளை போட்ட பிளாஸ்டிக் கூடை. அழகில்லை. பிழைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். உரம் கிடையாது.

இடம் பற்றிய முடிவுதான் கடினமாக இருந்தது. பெரியம்மா சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு இந்த ஆய்வை எழுத முடியாது. ஐந்து இடங்களில் இரண்டுக்குக் காரணம் அந்தப் பேச்சு. நம் தோட்டங்களில் முனீஸ்வரர் பெரும்பாலும் மரத்தடியில்தான் இருப்பார். அதை அறிந்து வளர்ந்தவருக்கு அந்தப் பயம் நியாயமானது. அவரையே நேரில் பார்த்து, “பெரியம்மா, எங்க வெச்சா உங்களுக்குச் சம்மதம்?” என்று கேட்டேன். வீட்டுக்குள்ளும் வாசல் நேரிலும் வேண்டாம், துளசி மாடத்துப் பக்கம் இருந்தால் தோஷமில்லை என்றார். துளசி மாடம் வீட்டின் கிழக்கே. காலை வெயில் பத்தரை வரை, பிறகு மாமர நிழல். நான் யோசித்து வைத்திருந்த இடத்தைவிட நல்ல இடம். வீட்டுக்குள் வைக்காதே என்று அவர் முதலில் சொன்னதும் செடியின் கணக்கில் சரிதான்.

என் தவறு

சட்டி மாற்றிய ஆறாம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்குப் போனேன். மிச்ச 23 இலைகளும் போய்விட்டன. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் பட்டையைச் சுரண்டுவது வழக்கம். ஃபைக்கஸில் உள்ளே பச்சை தெரிந்து, பாலும் கசிய வேண்டும். இரண்டு கிளைகளிலும் சுரண்டினேன். வலது கிளை பழுப்பு. இடது கிளையில் மங்கிய பச்சை, பால் இல்லை. இரண்டும் போய்விட்டன, வெட்டிவிடலாம், அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தால் துளிர்க்கட்டும் என்று கத்தரியை எடுத்தேன்.

அவர் தடுத்தார். “சார், இந்த நேரத்துல எந்த மரம் பால் குடுக்கும்? காலையில வெளிச்சம் வர்றதுக்கு முன்ன வந்து பாருங்க.”

இது எனக்குத் தெரியாத விஷயமல்ல; யோசிக்கத் தவறிய விஷயம். ரப்பர் மரத்தில் பால் குழல்களுக்குள் இருக்கும் அழுத்தத்தால்தான் பால் வெளியே வருகிறது. இரவெல்லாம் மரம் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். விடியுமுன் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இறங்கிவிடும். இருட்டோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனதெல்லாம் அதற்காகத்தான். ரப்பரும் ஃபைக்கஸும் வேறு வேறு குடும்பம். ஆனாலும் பால் விஷயத்தில் முன்னோடி ஃபைக்கஸ்தான். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. ரப்பர் இந்த மண்ணில் பயிராகப் பரவுமுன், ரம்போங் எனப்படும் ஃபைக்கஸ் எலாஸ்டிகாவைத்தான் இங்கே பாலுக்காக வெட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். கீறியது அவர். சுரண்டவில்லை, ஊசி முனையால் ஒரு புள்ளி. “கட்டைக்குப் போகக் கூடாது சார், பட்டையோட நிக்கணும்.” இடது கிளையில் கடுகளவு வெள்ளை முத்து வந்தது. வலது கிளையில் ஒன்றுமில்லை. வலதை மட்டும் வெட்டினோம்.

முந்திய நாள் பகலில் பால் வராததற்கு நேரம் ஒன்றே காரணம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். வேர் வெட்டிய செடி, தண்ணீர் இழுக்கவே திணறியிருக்கும். ஒரு செடியில் ஒரு முறை பார்த்ததுதான். ஆனால் அன்று பிற்பகல் நான் வெட்டியிருந்தால் உயிருள்ள கிளை போயிருக்கும், அதில் சந்தேகமில்லை.

அடுத்த ஆறு வாரம்

நாலு துளை போட்ட தெளிவான பிளாஸ்டிக் பையைக் கூடாரம் போலக் கவிழ்த்து, ஈரப்பதம் பிடித்து வைத்தோம். வேர் குறைந்த செடி, காற்றில் இழப்பதையாவது குறைக்கட்டும் என்று. பை போட்டிருந்த நாள்களில் வெயில் நேராகப் படாமல் ஒரு பழைய வலையைக் குறுக்கே கட்டினார்.

தண்ணீருக்கு அளவு சொல்லவில்லை. சாத்தே குச்சி ஒன்றைச் சட்டியில் பாதி ஆழத்துக்குக் குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுக்கச் சொன்னேன். குச்சி ஈரமாகக் கறுத்திருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்து வெளிறி வந்தால் துளை வழியாக ஓடும் வரை ஊற்ற வேண்டும். ஏப்ரல் மழைக் காலத்தில் சில சமயம் நாலு நாள் வரை ஊற்ற வேண்டியிருக்கவில்லை. “தண்ணி ஊத்தாம சும்மா இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு” என்றார். அந்தக் கஷ்டத்துக்கு மருந்தாகத் துளசிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். துளசி செழித்தது.

முப்பத்தி நாலாம் நாள் முதல் துளிர். இடது கிளையில் மூன்று, வெட்டிய வலது கிளைக்குக் கீழே அடிக்கட்டையில் இரண்டு. பையில் வாரம் ஒரு துளையாகக் கூட்டி, ஆறாம் வார முடிவில் எடுத்துவிட்டோம்.

அடிக்கட்டைத் துளிர் விரிந்தபோது இலை இடது கிளையின் இலையைவிட இரண்டு மடங்கு பெரிது. ஒட்டு போன இடத்தில் அடிமரத்தின் சொந்தக் குணம் வெளியே வந்துவிட்டது. ஜின்செங் வளர்ப்பவர்கள் பொதுவாக இதைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். விட்டால் ஒட்டுக் கிளையின் சத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வேகமாகப் போகும். இதை விளக்க நான் வாயெடுப்பதற்குள் அவரே, “ஒட்டுக் கன்னுல அடியில வர்ற துளிரக் கிள்ளணும்னு நர்சரியில சொல்லுவாங்க. ஆனா இங்க ஒரு பக்கம் மொட்டையா இருக்கே சார், விட்டுப் பாப்போமா?” என்றார். விட்டோம். போன்சாய் அழகுக்கு இது சரியான முடிவல்ல. வேர் பிடிக்க இலை தேவைப்பட்ட நேரத்தில், பிழைப்புக்குச் சரியான முடிவு.

இலைப்பேன்

ஜூன் மாத வறட்சியில் புது இலைகள் நடுநரம்போடு மடிந்து, கடலைத் தோல் போல மூடிக்கொண்டன, மேலே செம்புள்ளிகள். பிரித்தால் உள்ளே கறுப்பாக, நூல் துண்டு போல இலைப்பேன். இந்த மரத்துக்கே உரிய பூச்சி. ஊரில் வேலிக்கு வெட்டி வளர்த்திருக்கும் ஃபைக்கஸ்களில் பார்த்திருப்பீர்கள். மடிப்புக்குள் உட்கார்ந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து சரியாகப் போய்ச் சேராது. மடிந்த இலைகளைக் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டார். மூன்று வாரத்தில் 31 இலைகள். கீழே உதிர்த்துப் போடக் கூடாது, ஏறி வந்துவிடும். ஜூலை கடைசியில் நின்றது.

முடிவு

தீபாவளிக்கு மகன் வந்து, “இது நான் வாங்கிக் கொடுத்ததாம்மா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கடையில் பார்த்த வட்டமான பச்சைக் குடை போய்விட்டது. மூன்று கால்களில் ஒன்று குட்டை. ஒரு பக்கம் சிறு இலை, மறுபக்கம் பெரு இலை. ஆனால் கூடையின் நான்கு துளையிலும் வெள்ளை வேர் நுனி தெரிகிறது. மழைக் காலத்தில் குட்டைக் காலுக்கு மேலிருந்து இரண்டு விழுதுகள் நூலாக இறங்கியிருக்கின்றன. செலவு, என் போக்குவரத்தைக் கழித்துப் பார்த்தால், ஒரு பாக்கெட் சாத்தே குச்சி.

மறுபடி நேர்ந்தால்

எந்தச் செடி வந்தாலும் இப்போது முதல் கேள்வி, ‘எத்தனை முறை இடம் மாற்றினீர்கள்?’ என்பது. தண்ணீரைப் பற்றிப் பிறகுதான் கேட்கிறேன். இந்தச் செடியில் இடம், தண்ணீர், உரம், வெயில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறியதால், எது எவ்வளவு கெடுத்தது என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அழுகலில் பெரும் பங்கு தேங்கிய ஈரத்துக்கு என்பது உறுதி. உரத்தின் பங்கு ஊகம்தான்.

பையைப் போட்ட வாரமே வேரையும் வெட்டி, மண்ணையும் மாற்றி, இடத்தையும் மாற்றினேன். அவர் செய்த அதே தவறை நானும் ஒரே வாரத்தில் செய்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. அழுகல் இல்லாதிருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். கிளையைச் சோதிப்பது இனி விடியற்காலையில். அதுவும் ஊசி முனையால். புதிதாக வாங்கும் ஜின்செங்கில் ஒட்டிய கல்லை அன்றே பெயர்த்துவிடச் சொல்கிறேன். நார்த்தூளை உடனே மாற்ற வேண்டியதில்லை. செடி புது இடத்துக்குப் பழகிப் புது இலை விடட்டும்.

அடிக்கட்டைக் கிளையை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மார்ச்சில் சட்டி மாற்றும்போது அதை வெட்டி, இடது கிளையிலிருந்து ஒரு குச்சியை அங்கே ஒட்டுக் கட்டலாம் என்பது என் யோசனை. அவர் பழைய பால் வெட்டும் உளியைத் தேடி எடுத்து, தீட்டி வைத்திருக்கிறார்; வெட்டுவதற்கல்ல, நான் வெட்டினால் வெட்டு வாயைச் சீர் பண்ணுவதற்காம். அந்த மெருகுச் சட்டியின் அடியில் மகன் ட்ரில் போட்டு இன்னும் மூன்று துளை வைத்துவிட்டார். அதில் இப்போது பெரியம்மா கொடுத்த கற்பூரவல்லி இருக்கிறது.